அம்பாசடரின் என்ஜின் போட்ட ஸ்போர்ட்ஸ் கார்! எம்ஜிபி வாங்கலாமா, ஓடிவிடலாமா?

[திரையில்: கூரையை மடக்கிய சிவப்பு எம்ஜிபி, வேலியோரத்து ஆங்கிலேயக் கிராமச் சாலை]

வணக்கம். இந்தக் காரை ஒரு நிமிடம் கண்ணாரப் பாருங்கள். தாழ்ந்த உடம்பு, நீண்ட முன்பகுதி, கம்பிச் சக்கரங்கள், இரண்டே இருக்கைகள். இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தவர்களில் பலர் முதலில் போய் நிற்பது இதன் முன்னால்தான். இதன் பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது யார் தெரியுமா? நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் தூங்கி வழிந்துகொண்டிருந்த அம்பாசடரின் நெருங்கிய சொந்தம்!

பொய் இல்லை. ஆதாரத்தோடு சொல்கிறேன். அதோடு, இந்தக் காரை வாங்கினால் கிடைக்கும் சுகம் என்ன, தலைவலி என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். இந்தக் காரில் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பலர் பயப்படுவதில்லை. பயப்படத் தேவையில்லாததற்கு நடுங்குகிறார்கள்.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன், சானலை மாற்றிவிடாதீர்கள். 1920களில் ஆக்ஸ்ஃபோர்டின் மாரிஸ் கராஜஸ் விற்பனைக்கூடத்தில் பிறந்த பெயர் எம்ஜி. எம்ஜிபி 1962இல் வந்தது. அபிங்டன் ஆலையில் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள், பெரும்பங்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இன்று நம் சாலையில் ஓடும் எம்ஜி ஹெக்டரின் முகத்தில் இருக்கும் எண்கோண முத்திரை அதே முத்திரைதான். நிறுவனம் சீனர் கைக்குப் போனது தனிக்கதை. வரலாறு முடிந்தது.

[திரையில்: இடப்பக்கம் அம்பாசடர், வலப்பக்கம் எம்ஜிஏ]

இப்போது எனக்குப் பிடித்த இடம். 1952இல் ஆஸ்டின், மாரிஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் கார் நிறுவனங்கள் இணைந்து பிஎம்சி என்ற பெரிய நிறுவனம் உருவானது. பெரிய நிறுவனம் என்றால் சிக்கனம் வேண்டும். ஆகவே பி-சீரிஸ் என்ற ஒரே என்ஜின் குடும்பத்தைக் குடும்பக் காரிலும் போட்டார்கள், ஸ்போர்ட்ஸ் காரிலும் போட்டார்கள். 1955இல் வந்த எம்ஜிஏ, அதாவது எம்ஜிபியின் அண்ணன், ஓடியது 1489 சிசி பி-சீரிஸ் என்ஜினில். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரை அடிப்படையாக வைத்து வங்காளத்தின் உத்தரபாராவில் கட்டப்பட்ட அம்பாசடர், இசூசு என்ஜின் வருவதற்கு முன் பல்லாண்டுகள் ஓடியது எதில்? அதே 1489 சிசி பி-சீரிஸில்!

எம்ஜிஏவுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இரண்டு, கூடுதல் கம்ப்ரெஷன், கூடுதல் வேகம். அம்பாசடருக்கு ஒற்றை கார்புரேட்டர், பின்சீட்டில் ஐந்து பேர், டிக்கியில் கல்யாணச் சீர்வரிசை. வித்தியாசம் அவ்வளவுதான். எம்ஜிபிக்கு வரும்போது சிலிண்டரின் விட்டத்தைப் பெரிதாக்கி 1798 சிசி ஆக்கினார்கள், ஏறத்தாழ 95 குதிரைத்திறன் கிடைத்தது. ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மூன்றிலும் ஒன்றே: 88.9 மில்லிமீட்டர். அம்பாசடரைப் பிரித்துப் பூட்டிய நம் ஊர் மெக்கானிக் ஒருவரை எம்ஜிபி முன்னால் நிறுத்தினால், அவர் மேனுவலைத் தேடமாட்டார், ஸ்பானரைத்தான் தேடுவார் என்பது என் நம்பிக்கை. உங்கள் வீட்டில் அம்பாசடர் ஓட்டிய தாத்தா இருந்தால் இந்த வீடியோவை உடனே அவருக்கு அனுப்புங்கள். "நானும் ஸ்போர்ட்ஸ் கார்தான் ஓட்டினேன்" என்று அவர் மார்தட்டினால் பொறுப்பு என்னுடையது அல்ல.

இந்தக் காரின் கவர்ச்சிக்கும் இதுதான் காரணம். இது வேகத்தால் மயக்கும் கார் அல்ல. மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும், ஆனால் சிக்னலில் இன்றைய சாதாரண ஹாட்ச்பேக்கிடம் தோற்றுப்போகும். பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏர்பேக் இல்லை. ஆனால் தரைக்கு ஒட்டி உட்கார்ந்து, கூரை இல்லாமல், காதருகே எக்ஸாஸ்ட் உறும, கைக்கடக்கமான கியர்க் குச்சியை ஒரு சொடுக்கில் மாற்றும்போது அறுபது கிலோமீட்டர் வேகமே பறப்பதாகத் தோன்றும். சட்டத்தை மீறாமல் கிடைக்கும் சந்தோஷம்! கோளாறு வந்தால் லேப்டாப்பைச் செருகிப் பார்க்க வேண்டியதில்லை. கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், கையால் சரிசெய்யலாம். ஒரு நட்டு முதல் முழு உடம்புவரை புதிதாகவே வாங்கலாம். முழு உடம்பு என்று நான் சும்மா சொல்லவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

[திரையில்: மங்கி மங்கி எரியும் முன்விளக்கு]

இனி பயம். பழைய பிரிட்டிஷ் கார் என்றதும் யாரைக் கேட்டாலும் சொல்லும் முதல் சொல் லூக்கஸ். பர்மிங்ஹாமைச் சேர்ந்த இந்த நிறுவனம்தான் அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு விளக்கு, டைனமோ, சுவிட்ச் செய்து கொடுத்தது. ஒரு காலத்தில் தன் விளக்குகளை "சாலையின் மன்னன்" என்ற பெயரில் விற்ற நிறுவனம். கார்க்காரர்கள் வைத்த பட்டமோ "இருளின் இளவரசர்". லூக்கஸ் சுவிட்சுக்கு மூன்று நிலைகள்: மங்கல், மினுக்கல், கும்மிருட்டு. ஆங்கிலேயர் ஏன் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறார்கள்? குளிர்சாதனப் பெட்டியைச் செய்தது லூக்கஸ். இப்படி நூறு நகைச்சுவை உண்டு, நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

ஆனால் நியாயமாகப் பேசுவோம். காரில் ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரம் போக ஒரு ஒயர், திரும்பி வர ஒரு ஒயர் என்று இழுப்பதில்லை. திரும்பி வரும் பாதை காரின் இரும்பு உடம்பே. விளக்கு உடம்போடு சேரும் இடத்தில் கொஞ்சம் துரு பிடித்தாலும் மின்சாரம் திணறும், விளக்கு மங்கும். அரை நூற்றாண்டு பிரிட்டிஷ் மழையில் நனைந்த காரில் அந்த இணைப்புகள் எப்படி இருக்கும்? அதோடு முந்தைய உரிமையாளர்களின் கைவண்ணம் வேறு. ஒருவர் ரேடியோவுக்கு ஒயரை வெட்டியிருப்பார், இன்னொருவர் ஃபாக் விளக்குக்கு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருப்பார். ஆரம்பகால எம்ஜிபியில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்கள்தான். முன்விளக்குக்கு ஃபியூஸ் கிடையாது. இத்தனையும் சேர்ந்து சொதப்ப, பழி மட்டும் லூக்கஸ் தலையில்! எர்த் இணைப்புகளை, அதாவது மின்சாரம் உடம்போடு சேரும் அந்த இடங்களைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து மறுபடி பூட்டினால் பாதிப் பேய்கள் ஓடிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, செலவு சொற்பம்.

இரண்டு விசித்திரங்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, 1967 வரை வந்த எம்ஜிபிகளில் உடம்போடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இன்றைய கார்களில் நெகட்டிவ். நல்ல நாளும் அதுவுமாகப் புது போன் சார்ஜரைச் சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் மின்சாரம் தலைகீழாகப் பாயும்; சார்ஜருக்கு மோட்சம். இரண்டு, 1974 வாக்கில் மாற்றும்வரை எம்ஜிபிக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்று கிடையாது, 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. அவை எங்கே இருக்கின்றன? பானெட்டுக்குள் தேடாதீர்கள். டிக்கியிலும் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், கம்பளத்தை விலக்கி, ஒரு மூடியைத் திறந்தால், தரைக்கு அடியில் ஆளுக்கொரு பக்கம் ஒளிந்திருக்கும். கைக்கு எட்டாத பேட்டரியை யார் கவனிப்பார்கள்? ஆகவே யாரும் கவனிப்பதில்லை; பிறகு கார் கிளம்பாத நாளில், மறுபடியும் பழி லூக்கஸுக்கு.

சரி, உண்மையில் பயப்பட வேண்டியது எதற்கு? துருவுக்கு.

[திரையில்: கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதி, குறுக்குவெட்டு வரைபடம்]

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம் கிடையாது, உடம்பே எலும்பு. மேலே கூரையும் இல்லை. அப்படியானால் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் நடுவில் மடங்காமல் பிடித்திருப்பது எது? கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டி. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தகடு என்று பல அடுக்கு. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலையில் கல்லுப்பைத் தூவுவார்கள். அந்த உப்புச்சேற்றை முன்சக்கரம் வாரியடித்து இந்தப் பெட்டியின் முனையில் அப்பி வைக்கும். துரு உள்ளிருந்து தின்னும். கரையான் அரித்த நிலைக்கதவுக்கு எனாமல் பெயின்ட் அடித்து வைத்த கதை; வெளியே மினுமினுப்பு, விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

விற்பவர்கள் இதைப் பட்டி பார்த்து மறைப்பார்கள். நம் ஊர் டிங்கரிங் கடைகளில் நடப்பதேதான், பிரிட்டனிலும் மனிதர்கள் மனிதர்களே. ஆகவே ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். மெல்லிய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், பெயின்ட் கீறினால் சண்டை வரும். சில் மேல் வைத்து நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி இருக்கிறது. அடுத்து, கதவுக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். காரை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தால் நடு உடம்பு தொய்ந்துவிட்டது. கும்பிடு போட்டுவிட்டு அடுத்த காரைப் பார்க்கலாம்.

என்ஜினில் எண்ணெய் சொட்டுகிறதா? சொட்டட்டும், உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். கார்புரேட்டர் இருமுகிறதா? ஒரு மாலைப் பொழுதில் சரியாகிவிடும். என்ஜினுக்கு ஆகும் செலவுக்குக் கணக்குப் போட முடியும். துருவை வெட்டி வெல்டிங் செய்யத் தொடங்கினால், ஒவ்வொரு தகட்டைத் திறக்கும்போதும் அடுத்த தகடு பல்லைக் காட்டும், கணக்கு நிற்காது. அழகாக உறுமுகிற, சில் அழுகிய காரைவிட, கிளம்பாமல் அடம்பிடிக்கிற, சில் உறுதியான கார் ஆயிரம் மடங்கு மேல்.

முழு உடம்பு என்றேன் அல்லவா? 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், ஆலையின் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து எம்ஜிபியின் உடம்பை முழுதாக மறுபடி அடிக்கத் தொடங்கியது. உற்பத்தி நின்று எட்டு ஆண்டுகள் கழித்து! உங்கள் கார் முற்றிலும் அழுகிவிட்டால் புது உடம்பு வாங்கி, பழைய உறுப்புகளையெல்லாம் அதில் மாட்டிக்கொள்ளலாம். விலையைக் கேட்டால்தான் மயக்கம் வரும்.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிக்கும். குழாயை மாற்றுங்கள், அல்லது எத்தனால் குறைந்த உயர்ரகப் பெட்ரோலை ஊற்றுங்கள். இங்கே ஈ20 பற்றிக் குமுறுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் ஒன்று இனிக்கிறது, ஒன்று கடிக்கிறது. பிரிட்டனில் 40 ஆண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரி இல்லை. ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி தகுதிச் சோதனையும், காரைப் பெரிதாக மாற்றியமைக்காதவரை, கட்டாயம் இல்லை. கேட்க இனிப்பு. ஆனால் பல ஆண்டுகளாக எந்தப் பரிசோதகரும் அடியில் குனிந்து பார்க்காத காரைத்தான் உங்களிடம் விற்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். விற்பவர் நெளிந்தால் பதில் கிடைத்துவிட்டது.

[திரையில்: குரோம் பம்பர் கார், கறுப்பு பம்பர் கார், அருகருகே]

கடைசியாக, சண்டைக்குரிய விஷயம். 1974இன் இறுதியில் அமெரிக்க விதிகளுக்காக எம்ஜிபிக்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, காரைச் சற்று உயர்த்தினார்கள். வளைவில் கொஞ்சம் சாய்கிறது, ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஆகவே விலையும் குறைவு. குரோம் பம்பர் பளபளப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அதே பணத்தில் துருப்பிடிக்காத ரப்பர் பம்பர் காரை வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்கிறேன் நான். அதற்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்றே ஒன்று என்பது போனஸ்.

குரோம் கட்சிக்காரர்கள் கமெண்ட்டில் வரிசையில் வாருங்கள். அம்பாசடர் கட்சிக்காரர்களுக்குத் தனி வரிசை.