ஒரு சொல்லுக்காகப் போராடிய ரோமுலோ

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த ஒலிப்பதிவு அறையின் கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அத்தனையும் நின்றுவிட்டது. மேசைமேல் ஒரு மைக், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். இன்றைக்கு நான் பேசப்போகிறவரும் மைக் முன்னால் உட்கார்ந்து பேசியவர்தான். ஆனால் அவர் உட்கார்ந்த இடம், பாறையைக் குடைந்து எடுத்த ஒரு சுரங்கம். மேலே குண்டு விழும்போதெல்லாம் உள்ளே விளக்கு துடிக்கும், புழுதி கொட்டும்.

பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா வளைகுடாவின் வாயிலில் கொரிஹிடோர் என்றொரு தீவு. அங்கே இருந்தது அந்த மலிந்தா சுரங்கம். 1942-ஆம் ஆண்டின் தொடக்கம் அது. மணிலாவை ஜப்பானியப் படை பிடித்துவிட்டது. பக்கத்துப் பத்தான் தீபகற்பத்தில் பிலிப்பினோ வீரர்களும் அமெரிக்க வீரர்களும் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெம்பு கொடுக்க, ‘சுதந்திரத்தின் குரல்’ என்று ஒரு வானொலி சுரங்கத்துக்குள்ளிருந்து பேசியது. அதில் பேசியவர்களில் முக்கியமானவர் கார்லோஸ் ரோமுலோ. மனைவியும் நான்கு மகன்களும் எதிரி பிடித்த ஊரில் மாட்டிக்கொண்டிருக்க, அவர் மற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தைரியம் சொன்னார்.

ரோமுலோ பத்திரிகைக்காரர். போர் வருவதற்கு முன் ஹாங்காங் தொடங்கி பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வரை சுற்றி, இந்தப் பகுதி எங்கே போய் முட்டப்போகிறது என்று எழுதினார். அந்தக் கட்டுரைகளுக்கு 1942-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. தார்லாக் மாகாணத்துக் கமிலிங் ஊரில் வளர்ந்தவர். அவருடைய அப்பா அமெரிக்கர்களை எதிர்த்துக் கெரில்லாப் போரில் இறங்கியவர். மகனோ அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் உதவியாளராகச் சுரங்கத்துக்குள் இருந்தார். அமெரிக்காவை நேசித்ததும் சுதந்திரம் கேட்டதும் அவருக்குள் சண்டையில்லாமல் சேர்ந்தே இருந்தன. அவரைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

ஏப்ரல் 8-ஆம் தேதி இரவு, ஒரு பழைய கடல் விமானத்தில் அவரை வெளியே அனுப்பினார்கள். மறுநாளே பத்தான் விழுந்தது. அந்தச் செய்தியை வானொலிக்காக எழுதியவர் சல்வதோர் லோபெஸ். பின்னாளில் அவரும் பிலிப்பைன்ஸின் வெளியுறவுத் துறைச் செயலர் ஆனார். ஒரே சுரங்கத்து மைக் ஒரு நாட்டுக்கு இரண்டு ராஜதந்திரிகளைத் தந்தது என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, 1945-க்கு வருவோம். சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுத உலக நாடுகள் கூடின. பிலிப்பைன்ஸ் குழுவின் தலைவர் ரோமுலோ. நாடு இன்னும் அமெரிக்காவிடமிருந்து விடுதலை பெறவில்லை, அது வர 1946 ஜூலை 4 ஆக வேண்டும். இந்தியாவும் அப்போது அடிமை நாடுதான். இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் நம் ஆற்காடு ராமசாமி முதலியார். சொந்த நாட்டுக்கே விடுதலை வராத நிலையில் உலகத்துக்குச் சாசனம் எழுத உட்கார்ந்தவர்கள் இவர்கள்.

அங்கே ரோமுலோ பிடித்த பிடி ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. பெரிய நாடுகளின் பொறுப்பில் விடப்படும் பகுதிகள் கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும்? ‘தன்னாட்சி’ என்று எழுதினால் போதும் என்றன காலனி வைத்திருந்த நாடுகள். தன்னாட்சி என்றால் பஞ்சாயத்து நடத்தவிட்டுக் கொடியைத் தானே வைத்துக்கொள்ளலாமே! ‘சுதந்திரம்’ என்ற சொல்லும் வேண்டும் என்று விடாமல் கேட்டவர்களில் ரோமுலோ முன்னால் நின்றார். முழு வெற்றி கிடைக்கவில்லை. காலனிகளைப் பற்றிய பொது அத்தியாயத்தில் தன்னாட்சி மட்டுமே நின்றது. ஆனால் பொறுப்பாட்சிப் பகுதிகளைப் பற்றிய 76-ஆவது பிரிவில் ‘தன்னாட்சி அல்லது சுதந்திரம்’ என்று ஏறியது. அவருடைய வாழ்க்கையில் பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆள் சுமார் ஐந்தடி நான்கு அங்குலம்தான். 1948-இல் பாரிஸில் ஐ.நா. கூடியபோது, சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கி அவரை ‘சின்ன நாட்டிலிருந்து வந்த சின்ன மனிதர்’ என்று மட்டம்தட்டினார். பைபிள் கதையில் வரும் அரக்கனைப் போல முண்டா தட்டும் கோலியாத்துகளின் நெற்றியில் உண்மை என்கிற கூழாங்கல்லை எறிவது எங்களைப் போன்ற குட்டி தாவீதுகளின் கடமை என்ற பொருளில் ரோமுலோ பதில் கொடுத்தார். அடுத்த ஆண்டே பொதுச்சபையின் தலைவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அதில் உட்கார்ந்த முதல் ஆசியர் அவர்தான். விஷின்ஸ்கி ‘தலைவர் அவர்களே’ என்று அவரைப் பார்த்துத்தானே பேச ஆரம்பிக்க வேண்டும்!

அதே 1949-இன் தொடக்கத்தில், இந்தோனேசியாவுக்காக நேரு டெல்லியில் கூட்டிய மாநாட்டுக்கும் வந்திருந்தார். 1955-இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டில் நேருவோடு மோதினார். அமெரிக்கக் கூட்டணியில் சேர்ந்ததை நேரு கண்டிக்க, ரோமுலோ தன் நாட்டின் முடிவுக்காக வாதாடினார். ஆனால் வெள்ளை நிறவெறியைப் பற்றி அங்கே அவர் பேசிய பேச்சில் எந்த மழுப்பலும் இல்லை.

அப்புறம் தூதர், பல்கலைக்கழகத் தலைவர், மறுபடி வெளியுறவுத் துறை. 1972-இல் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். பத்திரிகைகள் மூடப்பட்டன, எழுதியவர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைக்காரரான ரோமுலோ பதவியை விடவில்லை. 1984 வரை அந்த அரசுக்காக உலகத்திடம் பேசினார். நான் மதிக்கும் மனிதர் என்பதாலேயே இது எனக்கு வலிக்கிறது. சுரங்கத்தில் பேசிய அந்தக் குரல், தன் மக்களுக்காக அப்போதும் ஒருமுறை எழுந்திருக்க வேண்டும்.

1985 டிசம்பரில் மணிலாவில் காலமானார்.

அந்த 76-ஆவது பிரிவு மட்டும் அவருக்குப் பிறகும் வேலை செய்துகொண்டிருந்தது. அவர் இருந்தபோதே தங்கனிக்கா, கேமரூன், டோகோ, மேற்கு சமோவா, நவ்ரு என்று பொறுப்பாட்சிப் பகுதிகள் ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறின. கடைசியாக மிஞ்சியது பலாவ். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, பக்கத்துக் கடலில் இருக்கும் சின்னஞ்சிறு தீவுக்கூட்டம். 1994 அக்டோபர் 1-ஆம் தேதி அதுவும் விடுதலை பெற்றது.

நன்றி, வணக்கம்.