கூடு மாறியது, கோழிகள் மாறவில்லை

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாரை அடுத்த எங்கள் விளையிலிருந்து, அதாவது தோட்டத்திலிருந்து, பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிகிற ஓட்டுக்கூரைதான் புதுக் கோழிக்கூடு. கூடு கட்டுவது எப்படி என்று காட்டுகிற வீடியோக்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. கட்டிய கூட்டில் கோழி தானாக ஏறி அடைவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறவர்கள் குறைவு. கட்டுவது ஆசாரி வேலை, கூலியைக் கொடுத்தால் முடிந்துவிடும். குடியேற்றுகிற வேலை நம் தலையில்தான் விழும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்ந்ததும் எங்கே போய் அடைகிறதோ அதைத்தான் கோழி தன் வீடாக நினைக்கிறது. பகல் முழுக்கப் புதுக்கூட்டைச் சுற்றித் தீனி தின்றாலும் அந்தி மயங்கினால் கால் பழைய இடத்துக்குத்தான் போகும். ஆகவே இந்த வேலை முழுவதும் சாயங்கால வேலை. காலையில் சுறுசுறுப்பாகக் கிளம்பிக் கோழிகளைத் துரத்திப் பிடித்துக் கூட்டில் அடைக்கிறவர்கள் வீணாக வியர்வை சிந்துகிறார்கள். கோழியும் மிரளும்.

கூட்டைச் சுருக்கமாகக் காட்டிவிடுகிறேன். நீளம் 8 அடி, அகலம் 5 அடி. 12 கோழியும் ஒரு சேவலும் இருக்கின்றன, ஆளுக்கு 3 சதுர அடி வரும். பகலில் மேயவிடுகிற நாட்டுக்கோழிக்கு இது தாராளம். கால்கள் நான்கும் அயனி மரம். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் விளையில் ரப்பர் ஒடிந்தது, வாழை படுத்துவிட்டது, இந்த அயனி வேரோடு சாய்ந்தது. அப்பா அதை அறுத்துக் கொட்டகையில் அடுக்கிவைத்தார். "என்றைக்காவது உதவும்" என்றார். அந்த என்றைக்காவது இப்போது வந்திருக்கிறது. ரப்பர் கம்பு சும்மா கிடைக்கிறதே என்று பலர் அதையே கூட்டுக்கு நடுகிறார்கள். மருந்தில் ஊறவைக்காத ரப்பர் மரத்தைப் பூச்சி துளைத்துவிடும். இரண்டு மழை தாங்காது, நடாதீர்கள்.

மழை என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சாரல் ஒரு பருவத்தில் மேற்கிலிருந்து அடிக்கும், இன்னொரு பருவத்தில் கிழக்கிலிருந்து அடிக்கும். வெளியூர்க்காரர்கள் காட்டுகிற அளவை அப்படியே எடுத்துக்கொண்டால் கூடு நனைந்துவிடும். நாங்கள் இறவாரத்தை இரண்டு பக்கமும் மூன்றடி நீட்டியிருக்கிறோம். கூரைக்குப் பழைய வீட்டு ஓடு. தகரம் மலிவுதான், ஆனால் வெயிலில் கொதிக்கும், பெருமழையில் இரையும். புது இடத்துக்கு வந்த கோழிக்கு அந்த இரைச்சல் ஒன்றே போதும், மறுநாள் அந்தப் பக்கம் தலைவைக்காது.

கம்பிவலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். என் சுண்டுவிரல் நுனி மட்டும்தான் நுழைகிறது. அரை அங்குலக் கட்டம், பற்றவைத்த கம்பி. கடையில் கோழிவலை என்று கொடுக்கிற அறுகோண வலை கோழி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே வருகிறவனைத் தடுக்காது. நாய் பல்லால் இழுத்தால் அது பிரிந்துவிடும், சின்னப் பாம்பு தாராளமாக நுழையும். இரவில் வருகிற மரநாய் ஏறவும் செய்யும், இடுக்கைத் தேடவும் செய்யும். கீரி மண்ணைப் பறிக்கும். அதனால் வலையை ஓர் அடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கியிருக்கிறோம். கதவில் இரண்டு கொண்டிகள். ஒன்றைத் தட்டித் திறந்தாலும் இன்னொன்று நிற்கும்.

இனி உள்ளே வாருங்கள், எனக்கு முக்கியமான இடம் இது. கோழி அடைகிற கம்புகள் இரண்டு, ஒவ்வொன்றும் 8 அடி. ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குல இடம் வேண்டும் என்று கணக்கு, நமக்கு மிச்சமே இருக்கிறது. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றன, கவனித்தீர்களா? படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்தால் எல்லாவற்றுக்கும் மேல்கம்புதான் வேண்டும். தினமும் அந்தியில் அடிதடி. கம்பின் மேல்பக்கத்தைத் தட்டையாக விட்டு, விளிம்பை மட்டும் ஆசாரி இழைத்துக் கொடுத்தார். கோழி உட்காரும்போது நெஞ்சுத் தூவல் விரல்களின்மேல் விழுந்து மூடிக்கொள்ளும். முட்டைப்பெட்டிகள் மூன்று, கம்பைவிடத் தாழ்வாக இருக்கின்றன. பெட்டி உயரத்தில் இருந்தால் கோழி அதிலேயே படுத்துறங்கி எச்சமிடும். காலையில் முட்டையைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தரையில் தென்னை நார்க்கழிவு, மூன்று அங்குலம். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடிக்கிறேன். கையை விரித்தால் உதிர்கிறது பாருங்கள், இதுதான் பதம். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். ஈரம் சேர்ந்தால் அம்மோனியா நெடி கிளம்பும், கோழிக்குக் கண்ணும் மூச்சும் கெடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் போதும், மழைக்காலத்தில் கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் தூவலாம்.

சரி, குடியேற்றத்துக்கு வருகிறேன்.

நன்றாக இருட்டிய பிறகு பழைய கூட்டுக்குப் போனோம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அசையாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்து அணைத்து ஒவ்வொன்றாக எடுத்து வந்தோம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிற வழக்கம் நம் ஊரில் உண்டு, என் அம்மைக்கு அதைக் கண்டாலே ஆகாது. "உன்னை அப்படித் தூக்கினால் எப்படி இருக்கும் மக்களே" என்று பக்கத்து வீட்டுப் பையனை அன்றைக்கும் கேட்டுவிட்டாள். அவள் கேட்பது சரிதான். பயந்த கோழி புது இடத்தோடு அந்தப் பயத்தையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும்.

எதை முதலில் ஏற்றுவது என்பதில் எனக்கும் அம்மைக்கும் விவாதம். சேவலை முதலில் ஏற்றினால் அதன் குரல் கேட்டு மற்றவை அடங்கும் என்பது அம்மையின் கட்சி. கூட்டத்தில் மூத்த கோழியை முதலில் ஏற்ற வேண்டும் என்பது என் கட்சி. எங்களிடம் சாம்பல் நிறத்தில் ஒரு கிழவி இருக்கிறாள், தீனித்தட்டில் அவள் வாய் வைத்த பிறகுதான் மற்றவை வாய் வைக்கும். கோழிக்கூட்டத்தில் இப்படி யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருக்கிறது என்பதை நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெருப்-எபெ 1922இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறித்து வைத்தவர் அவர். அம்மை எந்தக் கட்டுரையும் படிக்காமலே எந்தக் கோழி எந்தக் கோழிக்கு அடங்கும் என்று ஒப்பிப்பாள். கடைசியில் கிழவியை ஒரு கம்பின் நடுவிலும் சேவலை இன்னொன்றின் நடுவிலும் உட்காரவைத்தோம். வீட்டில் சண்டை இல்லாமல் முடிந்தது.

மறுநாள் விடிந்ததும் திறந்துவிடக் கூடாது. இங்கேதான் எல்லாருக்கும் பொறுமை போகிறது. குறைந்தது மூன்று நாலு நாள், முடிந்தால் ஒரு வாரம் உள்ளேயே தீனியும் தண்ணீரும் வைத்து அடைத்துவைக்க வேண்டும். முதல் நாள் கத்தும். கம்பி ஓரமாக மேலும் கீழும் நடக்கும். ரப்பர் பால் வெட்ட வருகிற அண்ணன், "பாவம், திறந்துவிடக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டுதான் போனார். மனசு இளகக் கூடாது. உள்ளே சும்மா இருந்தால் ஒன்றையொன்று கொத்தும் என்பதால் முருங்கைக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டோம், ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து புழுதி ஆடவும் இடம் செய்துகொடுத்தோம். புழுதி ஆடிய கோழிக்குப் பேன் தொல்லை குறையும்.

தீனியைப் பற்றி ஒன்று. நம் வீடுகளில் மரச்சீனிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கிழங்கின் தோலைப் பச்சையாக அப்படியே கோழிக்கு எறிகிற பழக்கம் இருக்கிறது. தோலிலும் இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. மேய்கிற கோழி எதையாவது கொத்திவிட்டு வேறு பக்கம் போய்விடும். அடைத்த கோழிக்கு வேறு வழியில்லை, போட்டதைத்தான் தின்னும். நறுக்கி நன்றாகக் காயவைத்தோ, வேகவைத்துத் தண்ணீரை வடித்தோ கொடுங்கள். நாங்கள் இந்த நாட்களில் குருணை, தவிடு, கொஞ்சம் கருவாட்டுத்தூள், பொடித்த சிப்பி இவற்றோடு நிறுத்திக்கொண்டோம். முட்டையின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான், அதனால் சிப்பி கட்டாயம் வேண்டும். கருவாடு அளவு மீறினால் முட்டை நாறும்.

திறந்துவிடுகிற நாளுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறக்க வேண்டும். தூரமாகப் போக நேரம் இருக்காது, இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும் என்ற அவசரம் அவற்றுக்கே வந்துவிடும். நம் மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். சாயங்காலம் அதிகம் முன்பின் ஆகாது என்பதால் பழக்கம் பிடிப்பது எளிது. அம்மை சிரட்டையில் குருணையைக் குலுக்கிக்கொண்டு "பா பா பா" என்று கூப்பிட்டாள். கிழவி முதலில் ஏறினாள், பின்னால் ஒவ்வொன்றாக ஏறின. ஆமாம், நான் சொன்னதுதான் நடந்தது. அம்மை இந்த வீடியோவைப் பார்க்க மாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

பழைய கூட்டை அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். பழைய கம்பையும் பலகையையும் புதுக்கூட்டில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கோழிச்செள்ளு பகலில் மரத்தின் வெடிப்பில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும், பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தாலும் அகப்படாது. சந்தேகம் இருந்தால் இரவில் ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புத் தீற்றல் விழுந்தால் உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பழைய கம்பில் நன்றாகவே விழுந்தது. அடுப்பில் போட்டுவிட்டோம்.

முட்டை குறையும். அதற்குப் பதற்றப்படாதீர்கள். இடம் மாறிய அதிர்ச்சியில் கோழி சில நாள் முட்டையை நிறுத்துவது இயல்பு. பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் முட்டையோ வழவழப்பான வெள்ளைக்கல்லோ வைத்தால் இங்கே இடலாம் என்று அதற்குப் புரியும். வெளியே விட்ட பிறகும் பெட்டி காலியாகவே இருந்தால் வாழையின் அடிப்பக்கத்திலும் ஓலைக்குவியலிலும் தேடிப் பாருங்கள். அப்படிக் கிடைத்த முட்டையைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பழையது, உள்ளே காற்றறை பெருத்துவிட்டது. எறிந்துவிடலாம்.

திங்கள்சந்தையில் புதிதாக இரண்டு கோழிகள் வாங்கியிருக்கிறோம், அவை எங்கே என்று கேட்பீர்கள். அவை அதோ, வீட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சாரக் கூடையில் இருக்கின்றன. சந்தைக் கோழியைக் கொண்டுவந்த அன்றைக்கே கூட்டத்தில் விடுவதைப் போன்ற விஷப்பரீட்சை வேறு இல்லை. இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டு, எச்சத்தைக் கவனித்த பிறகுதான் சேர்க்க வேண்டும். மஞ்சள் கலந்த தண்ணீர் வைக்கிறார்கள், வைக்கட்டும், கெடுதல் இல்லை. அது தடுப்பூசிக்கு ஈடாகாது. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், சொல்வார்கள். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் களியக்காவிளை சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி மருந்து தெளிக்கிறார்களே, அதே எச்சரிக்கை நம் முற்றத்திலும் வேண்டும். சேர்க்கிற நேரம் வந்ததும் பஞ்சாரத்தைக் கூட்டின் கம்பியை ஒட்டி வைப்போம். பார்த்துப் பழகட்டும். பிறகு ஓர் இரவில் சத்தமில்லாமல் கம்பில் ஏற்றிவிடுவோம்.

கடைசியாக எங்கள் கறுப்புக் கோழி ஒன்றைப் பற்றி. எல்லாம் ஏறி அடைந்த பிறகும் அவள் ஒருத்தி மட்டும் சக்கை மரத்துக்கு, அதாவது பலா மரத்துக்கு, போகிறாள். மிளகுக்கொடி படர்ந்த தாழ்ந்த கொப்பு ஒன்று இருந்தது, அதில் தாவி மேலே ஏறிவிடுவாள். அப்பா அந்தக் கொப்பை வெட்டினார். இப்போது மோட்டார் ஷெட் கூரையைப் பிடித்திருக்கிறாள். ஒரு பக்கச் சிறகின் நீள இறகுகளை மட்டும் நறுக்கினால் பறப்பது கோணலாகி உயரம் பிடிக்க முடியாது என்று பலர் செய்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. பகலில் மேய்கிற கோழிக்கு நாய் வந்தால் தப்பிக்கச் சிறகு வேண்டும். தூக்கிவந்து கம்பில் வைப்பதையே தொடர்கிறேன், சலிப்பது அவளா நானா என்று பார்த்துவிடலாம். மணி ஆறாகப் போகிறது, ஏணியை எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், அடுத்த வீடியோவில் பேசலாம்.