பக்கத்து இருக்கைக்கு ஒரு பாதை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கையடக்க விளையாட்டுக் கருவிகளின் எதிர்காலம் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எதிர்காலம் என்றதும் எல்லோரும் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். திரை எவ்வளவு பெரிதாகும், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், 5ஜி வருமா என்றெல்லாம் கேட்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி வலையமைப்பு கற்பிக்கும் எனக்கு அந்தக் கேள்விகளும் பிடிக்கும். ஆனால் நான் நெடுங்காலமாகச் சொல்லிவருவது வேறு. ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணனும் தங்கையும் சேர்ந்து விளையாட வேண்டுமானால், அவர்கள் கையில் இருக்கும் இரண்டு கருவிகளும் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ள வேண்டும். நடுவில் இணையம் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம், கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கணினியின் அனுமதியும் வேண்டாம். இதை இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நம் வீடுகளில் வைஃபை என்றாலே இணையம் என்று நினைக்கிறோம். வைஃபை என்பது வெறும் ரேடியோ அலை. நம் வீட்டில் அது இணையத்தைக் கொண்டுவரும் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். இரண்டு கருவிகள் அதே அலையில் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். ஒன்று அழைக்கும், மற்றது பதில் சொல்லும். வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்த வைஃபை பெட்டியை அணைத்துவிட்டாலும் அந்தப் பேச்சு நிற்காது. இதைத்தான் நேரடி இணைப்பு என்கிறேன்.

இது எங்கே தொடங்கியது? 1989-இல் நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் வந்தது. குன்பெய் யோகோய் என்பவரின் தலைமையில் உருவான கருவி. நான்கு சிறிய மின்கலங்கள், பச்சை நிறத் திரை. அதன் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருந்தது. லிங்க் கேபிள் என்ற இணைப்பு வடத்தை அதில் செருகினால் இரண்டு கேம் பாய்கள் சேர்ந்துவிடும். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டில் நீங்கள் ஒரே வீச்சில் இரண்டு வரிசைகளை அழித்தால், எதிரில் இருப்பவரின் திரையில் அடியிலிருந்து கட்டைகள் மேலே ஏறும். அவர் பதறுவதைத் திரையில் அல்ல, நேருக்கு நேர் அவர் முகத்திலேயே பார்க்கலாம்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1996-இல், சதோஷி தாஜிரி என்ற ஜப்பானியர் அந்த வடத்துக்கு வேறொரு பயன் காட்டினார். சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர் அவர். இந்த வடத்துக்குள் ஒரு பூச்சி முன்னும் பின்னும் ஊர்ந்து போவதைப்போல் கற்பனை செய்ததாகச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பிறந்ததுதான், கற்பனை உயிரினங்களைப் பிடித்து வளர்க்கும் போக்கிமோன் ஆட்டம். அதை இரண்டு பதிப்புகளாக வெளியிட்டார்கள். ஒன்றில் கிடைக்கும் சில உயிரினங்கள் மற்றதில் கிடைக்காது. சில உயிரினங்கள் இன்னொருவருக்குக் கைமாறினால்தான் அடுத்த உருவத்துக்கு வளரும். ஹாண்டர் என்ற உயிரினம் கெங்கராக மாற வேண்டுமென்றால் உங்களுக்கு ஒரு நண்பர் வேண்டும். அதுவும் வடம் எட்டும் தூரத்தில் வேண்டும்.

அந்தக் காலத்தில் நாங்கள் சிங்கப்பூரின் தோ பாயோவில் குடியிருந்தோம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பொறித்த கல்மேசை ஒன்று இருந்தது. மாலையானால் பெரியவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வோம். கேம் பாய் சிலரிடம் இருந்தது. வடம் ஒருவனிடம்தான் இருந்தது. மேல்மாடியில் குடியிருந்த மலாய் நண்பன் அவன். அவன் மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தால்தான் எங்களுக்குப் பொழுதே தொடங்கும்.

அந்த வடம் குட்டையானது. இருவரும் தலையோடு தலை முட்டும் அளவுக்கு நெருங்கி உட்கார வேண்டும். பழைய பெரிய கேம் பாய்க்கு ஒரு அளவுத் துளை, பின்னால் வந்த சின்ன கேம் பாய் பாக்கெட்டுக்கு வேறு அளவு. அதனால் நடுவில் ஒரு மாற்றுச் செருகியும் வேண்டும். அதைத் தொலைக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவனை நியமித்திருந்தோம். பரிமாற்றம் தொடங்கியதும் திரையில் ஒரு வடத்தின் படம் வரும். அதற்குள் ஓர் உருண்டை மெல்ல நகரும். இவன் திரையைவிட்டு வெளியேறி, அவன் திரைக்குள் வந்து சேரும். திரையில் உருண்டை நகரும் நேரத்தில் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கல்மேசைமேல் கிடந்த உண்மையான கறுப்பு வடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். மேசையை யாரும் தொடக்கூடாது. இருமல் வந்தவன் தள்ளிப் போய் இருமிவிட்டு வருவான்.

சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கலும் அதில் இருந்தது. இங்கே ஆட்டம் பதிந்த அட்டையான கேட்ரிட்ஜ் ஜப்பானிலிருந்து வந்ததும் கிடைத்தது, ஆங்கிலப் பதிப்பும் கிடைத்தது. அந்த முதல் தலைமுறைப் போக்கிமோனில் ஜப்பானியப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் இணைத்துப் பரிமாறினால் சேமித்துவைத்த ஆட்டம் சிதைந்துவிடும். பெயர்களும் எழுத்துகளும் தாறுமாறாகும். ஒரு பையனுக்கு அப்படி நடந்தது. பல வாரம் வளர்த்த உயிரினங்கள் இருந்த இடத்தில் ஏதோ கட்டங்களும் கோடுகளும் தெரிந்தன. அவன் அழவில்லை. கருவியை அணைத்துப் போடுவதும் மறுபடி பார்ப்பதுமாக இருந்தான். அடுத்த நாள் முதல் எங்களுக்குள் ஒரு சட்டம் வந்தது. வடம் செருகுவதற்குமுன் இருவரும் கேட்ரிட்ஜை உருவி மேசைமேல் வைத்து, மற்றவர்களிடம் காட்ட வேண்டும். ஆட்டத்தை இழந்தவனுக்கு ஆளுக்கு ஒன்றாக எங்கள் உயிரினங்களைக் கொடுத்து மறுபடியும் தொடங்கிவைத்தோம். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் கொடுத்தோம். அந்த வடம் குட்டையாக இருந்ததால்தான் நாங்கள் ஒரே மேசைக்கு வந்தோம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கதை நீண்டுவிட்டது. ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

2004-இல் வடம் போய் அலை வந்தது. நின்டெண்டோ டிஎஸ், சோனியின் பிஎஸ்பி இரண்டும் அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்தன. இரண்டிலும் நேரடி இணைப்பு இருந்தது. டிஎஸ் கருவியில் ஒரு தாராளம் உண்டு. மரியோ கார்ட் என்ற பந்தய ஆட்டத்தின் கேட்ரிட்ஜ் ஒருவரிடம் இருந்தால் போதும். சுற்றியிருக்கும் ஏழு பேர் அதைத் தங்கள் கருவிக்குத் தற்காலிகமாக இறக்கிக்கொண்டு சேர்ந்து ஓட்டலாம். இறக்கிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் முகமூடி போட்ட ஒரே பாத்திரம்தான் கிடைக்கும், சில பாதைகள்தான் திறக்கும். ஆனாலும் எட்டுப் பேர் ஆடலாம், ஒருவர்தான் காசு கொடுத்து வாங்கியிருப்பார். காசில்லாத பிள்ளையும் ஆட்டத்தில் சேர முடிந்தது.

அதே டிஎஸ்ஸுக்கு 2005-இல் இணையச் சேவையும் வந்தது. உலகின் மறுகோடியில் இருப்பவரோடும் பந்தயம் ஓட்டலாம் என்றார்கள். மகிழ்ச்சியான செய்திதான். இப்போது அந்த இரண்டு வசதிகளும் என்ன ஆயின என்று பாருங்கள். இணையச் சேவையை 2014 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். அடுத்து வந்த 3டிஎஸ் கருவியின் இணைய ஆட்டங்களும் 2024 ஏப்ரலில் நின்றுவிட்டன. ஆனால் அலமாரியில் கிடக்கும் இரண்டு பழைய டிஎஸ்ஸை எடுத்து, மின்னேற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்றைக்கும் மரியோ கார்ட் ஓடும். நேரடி இணைப்பை யாரும் தொலைவிலிருந்து அணைக்க முடியாது. கருவி உயிரோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

நம்மூரிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. சோனியின் வீட்டா கருவியில் 3ஜி சிம் அட்டை போடும் வகை ஒன்று வந்தது. எங்கிருந்தும் இணையலாம் என்பது அதன் பெருமை. சிங்கப்பூரில் 3ஜி சேவை 2024-இல் நிறுத்தப்பட்டது. அந்தச் சிம் துளை இப்போது வெறும் துளை. இரண்டு வீட்டாக்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசும் வசதியோ அப்படியே இருக்கிறது.

இப்போது வேகத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் வேகத்துக்குக் குறைவில்லை. வீடுகளுக்கு நொடிக்கு 10 கிகாபிட் வேகம் கொண்டுவர 100 மில்லியன் வெள்ளி வரை முதலீடு செய்வதாக அரசாங்கம் 2024-இல் அறிவித்தது. பிறகென்ன கவலை என்று கேட்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் எவ்வளவு தகவல் போகும் என்ற அகலம் வேறு, அது போக வேண்டிய தூரம் வேறு. பல ஆட்டங்களில் திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுமார் 17 மில்லிநொடி. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆட்டத்தை நடத்தும் கணினி டோக்கியோவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ 5,300 கிலோமீட்டர். நேர்கோட்டில் போய்த் திரும்பினாலே 50 மில்லிநொடிக்குமேல் ஆகிவிடும். உண்மையில் கம்பிகள் நேர்கோட்டில் போவதில்லை, இன்னும் கூடும். எத்தனை கோடி கொட்டினாலும் ஒளியை விரட்ட முடியாது. அண்ணன் பொத்தானை அழுத்தியது பக்கத்தில் இருக்கும் தங்கைக்குத் தெரிய, அந்தச் செய்தி டோக்கியோ போய்த் திரும்ப வேண்டுமா? எதிர் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை வெளிநாட்டுக்குத் தந்தியடித்துச் சொல்வதைப்போல் இல்லையா?

ஆட்டம் முழுவதும் தொலைவில் ஓடி, படம் மட்டும் நம் திரைக்கு வரும் முறையும் இருக்கிறது. கூகுள் அதை ஸ்டேடியா என்ற பெயரில் 2019-இல் தொடங்கி 2023 ஜனவரியில் மூடியது. 2023 நவம்பரில் சோனி பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்ற கருவியை வெளியிட்டது. அழகான திரை, கைக்கு இதமான பிடி. ஆனால் வைஃபை இல்லாவிட்டால் அதில் எதுவும் ஓடாது. வெளிவந்தபோது, உலாவியில் பதிந்து உள்ளே நுழைய வேண்டிய பொது வைஃபையில் அதனால் சேரவும் முடியவில்லை. அடுத்த ஆண்டுதான் அதைச் சரிசெய்தார்கள். இப்படிப்பட்ட கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக ஆடுபவருக்கு அவை நல்ல வசதி. நான் கேட்பது பக்கத்து இருக்கைக்கு ஒரு பாதை. அதையும் வைத்துவிட்டு வானத்துக்கு வேண்டுமானாலும் பாதை போடுங்கள்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2025 ஜூனில் வெளிவந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவியில் கேம்ஷேர் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். ஆட்டம் ஒருவரிடம் இருந்தால் பக்கத்தில் இருப்பவரும் அதில் சேரலாம். பக்கத்தில் இருப்பவரிடம் பழைய ஸ்விட்ச் இருந்தாலும் போதும். எல்லா ஆட்டங்களிலும் இது இல்லை. ஆனால் டிஎஸ் காலத்துத் தாராளம் திரும்பி வந்திருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மனிதர்கள் நெருங்கி நிற்க விரும்புகிறார்கள் என்பதற்கு இங்குள்ள ஹவ்காங் வட்டாரம் சாட்சி. 2016 ஆகஸ்ட்டில், வெளியே நடந்து திரிந்து உயிரினங்களைப் பிடிக்கும் கைபேசி ஆட்டமான போக்கிமோன் கோ இங்கே வந்தபோது புளோக் 401 பக்கம் திரண்ட கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். வீட்டிலிருந்தே ஆடக்கூடியவர்கள் அல்லவா, ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்று அப்போது சிலர் கேட்டார்கள். ஆட்டமே அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. 2018-இல் அதில் பரிமாற்ற வசதி சேர்த்தபோது, இருவரும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். இணையம் வழியாக ஓடும் ஆட்டம்தான் அது. அங்கும் அருகில் வா என்றுதான் அழைத்தார்கள். தோ பாயோ கல்மேசையில் அந்தக் குட்டை வடம் செய்ததும் இதுவே.

நேரம் முடியப்போவதாக எதிரில் இருப்பவர் சைகை காட்டுகிறார். பெற்றோருக்காக இன்னும் நிறைய வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்ச் 2-க்கு வரும் சில அட்டைகளில் ஆட்டமே இருக்காது, திறவுகோல் மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து இணையத்தில் பதிவிறக்க வேண்டும். அது அட்டைப்பெட்டியின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். பழைய கருவிகளைத் தூக்கிப் போடாதீர்கள். மின்கலம் மட்டும் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள், உப்பியிருந்தால் மின்னேற்றாதீர்கள். வரும் பள்ளி விடுமுறையில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஏதாவது வாங்குவதாக இருந்தால், கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இணையம் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை பேர் ஆடலாம்? அந்த எண்ணிக்கை பெட்டியின் பின்புறத்திலோ ஆட்டத்தின் இணையப் பக்கத்திலோ போட்டிருக்கும். இரண்டுக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.