ஏழு மணியா, நள்ளிரவா?

நடுவர் அய்யாவுக்கும், எதிரணி அக்காவுக்கும், கல்மண்டபத்தில் வேலை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற என் சொந்த பந்தங்களுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ‘சீரியல்’ பாட்காஸ்டில் நாம் கேட்ட அட்னான் சையது வழக்கு. குற்றவாளிதான் என்கிறது அந்த அணி. குற்றம் நிரூபணமாகவில்லை என்கிறோம் நாங்கள்.

கேட்காத தாய்மாருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பால்டிமோர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். 1999 ஜனவரி 13 அன்று, கொரியக் குடும்பத்துப் பெண் ஹே மின் லீ, வயது 18, பள்ளி விட்டபின் காணாமல் போகிறாள். பிப்ரவரி 9 அன்று லீக்கின் பார்க் என்ற காட்டுப் பகுதியில் உடல் கிடைக்கிறது. கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார்கள். அவளுடைய முன்னாள் காதலன் அட்னான், 17 வயதுப் பையன், மாத முடிவில் கைதாகிறான். 2000 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு, ஜூனில் ஆயுள் தண்டனை. ஆறு வாரம் நடந்த விசாரணைக்கு ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பொதுமக்கள், எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய இரண்டு மணி. 2014இல் சாரா கேனிக் என்ற பத்திரிகையாளர் பன்னிரண்டு பகுதிகளாக அதைத் திரும்பக் கிளறினார்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்ணின் தம்பி 2022இல் நீதிமன்றத்தில் பேசினார். எனக்கு இது பாட்காஸ்ட் இல்லை, நிஜ வாழ்க்கை என்றார். அதைப் படித்த நாளிலிருந்து ஹெட்போனை மாட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான். அந்தக் குடும்பத்துக்கு உண்மையான பதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

சரி, வழக்கு எதன்மேல் நின்றது? கைரேகை, ரத்தம், பார்த்த கண் எதன்மேலும் இல்லை. அட்னானின் நண்பன் ஒருவன் வாயின்மேல் நின்றது. நம்ம கோர்ட் பாஷையில் அப்ரூவர் மாதிரி. ‘அவன்தான் கொன்றான், டிக்கியைத் திறந்து உடலைக் காட்டினான், நானும் சேர்ந்து புதைத்தேன்’ என்றான். அவனுக்கு ஜெயில் இல்லை, தண்டனையை நிறுத்திவைத்து விட்டுவிட்டார்கள். நம்ம ஊர்ச் சாட்சியச் சட்டமே சொல்கிறது, கூட்டாளியின் வாக்குமூலத்தை முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் தாங்கிப் பிடிக்காவிட்டால் நம்பத் தகாதது என்று கோர்ட் கருதலாம் என்று. இங்கே தாங்கிப் பிடித்தது எது? செல்போன் டவர்.

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். அன்று இரவு 7.09க்கும் 7.16க்கும் அட்னான் போனுக்கு இரண்டு கால் வருகிறது. இரண்டும் அந்தக் காட்டுப் பக்கத்து டவர் வழியாக. ‘பாருங்கள், புதைக்கிற நேரம்’ என்றது அரசுத் தரப்பு. ஆனால் அந்தக் கால் பட்டியலோடு போன் கம்பெனி அனுப்பிய ஃபேக்ஸின் முதல் தாளிலேயே எழுதியிருக்கிறது: வெளியே போகிற அழைப்பை வைத்துத்தான் இடம் சொல்ல முடியும், உள்ளே வருகிற அழைப்பை வைத்து இடம் சொல்வது நம்பத்தக்கது அல்ல என்று. அந்த இரண்டும் உள்ளே வந்த கால்! கோர்ட்டில் டவர் சாட்சி சொன்ன பொறியாளருக்கே அந்தத் தாளைக் காட்டவில்லை. 2015இல் அவரே பிரமாணப் பத்திரத்தில் சொன்னார்.

அதை விடுங்கள். அந்த நண்பனே 2014 கடைசியில் ஒரு பேட்டி கொடுத்தான். உடலைக் காட்டியது கோர்ட்டில் ஜூரிகளிடம் சொன்ன கடை வாசலில் இல்லை, என் பாட்டி வீட்டில் என்கிறான். புதைத்தது நள்ளிரவை ஒட்டி என்கிறான். நள்ளிரவு என்றால் ஏழு மணி டவர் எதைத் தாங்குகிறது? சாட்சி டவரைத் தாங்குகிறான், டவர் சாட்சியைத் தாங்குகிறது என்றார்கள். இரண்டு கம்பும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றது. ஒன்றை அவனே உருவிவிட்டான்.

அக்கா கேட்டார்கள், அந்தப் பெண்ணின் கார் இருந்த இடத்துக்கு அவன்தானே போலீசைக் கூட்டிப் போனான் என்று. ஆமாம், அவனுக்குக் குற்றத்தில் பங்கு இருக்கிறது என்பதற்கு அது ஆதாரம். கொன்றது யார் என்பதற்கு அல்ல.

அடுத்த கேள்வி கனமானது. காணாமல் போன அன்று மாலையே போலீஸ் அட்னானுக்குப் போன் செய்தது. அவளிடம் காரில் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டிருந்தேன் என்று அப்போது சொன்னவன் பிறகு மறுத்தான். அந்த நாள் எப்படி மறக்கும் என்றார்கள். எனக்கும் அது உறுத்துகிறது, மறைக்க மாட்டேன். ஆனால் உறுத்தலை வைத்து ஒரு பையனை ஆயுள் முழுக்க உள்ளே வைக்க முடியுமா?

என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாலத்தில் ஒருவரிடம் போனைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறான் எவனோ. சிவப்பு டீஷர்ட் என்று சொன்னதால் என் தம்பியைக் கூட்டிப் போனார்கள். ‘போன செவ்வாய் ஆறு மணிக்கு எங்க இருந்த?’ என்று கேட்டால் ஐஸ் உடைத்துப் பிழைக்கிறவன் என்ன சொல்வான்? முதலில் வீட்டில் என்றான், பிறகு காசிமேட்டில் என்றான். மாற்றிப் பேசுகிறான், அப்போ இவன்தான் என்றார்கள். மூன்றாம் நாள் வேறொருத்தன் அதே போனோடு பிடிபட்டான். என் அம்மா அந்த மூன்று நாளும் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ‘நெருப்பில்லாம புகையுமா’ என்றவர்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் முகம் கொடுப்பதில்லை. முகவரியில் எங்கள் பேட்டை பெயரைப் பார்த்தாலே வேலை தராத கம்பெனி எத்தனை, இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியாததா?

பாரிமுனையில் இருக்கிற அந்தச் சிவப்புக் கட்டடத்திலேயே, நம்ம ஹைகோர்ட்டிலேயே, நடந்தது ஒன்று. 1944 நவம்பரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்துப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று 1945இல் ஜூரி சொன்னது. அதிலும் ஒரு அப்ரூவர். அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. பாகவதரின் பழைய வாழ்க்கை திரும்பவே இல்லை. ஜூரி சொல்லியாகிவிட்டதே என்று இந்த ஊர்க்காரர் யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

அட்னானுக்குச் சாதகமாக ஒரு மாணவி இருந்தாள். கொலை நடந்ததாக அரசு சொன்ன நேரத்தில் அவனை நூலகத்தில் பார்த்தேன் என்று 1999 மார்ச்சிலேயே அவனுக்குக் கடிதம் எழுதினாள். அவனுடைய வக்கீல் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2019இல் மேரிலாந்தின் உச்ச நீதிமன்றம், வக்கீல் செய்தது தவறு, ஆனால் தீர்ப்பு மாறியிருக்காது என்று 4-3 என்ற கணக்கில் சொன்னது. ஏழு நீதிபதிகளில் மூன்று பேர் அதை ஏற்கவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லை என்று அக்கா இன்னமும் சொல்வார்களா?

2022இல் அரசுத் தரப்பே தண்டனையை ரத்து செய்யச் சொன்னது. அந்த மனுவில் தவறான தகவல்கள் இருந்தன என்று 2025இல் புதிய அரசு வழக்கறிஞர் அதைத் திரும்பப் பெற்றார். ஆகவே அந்த மனுவை நான் என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. குற்றத்தீர்ப்பு இன்றைக்கும் நிற்கிறது, 2025 மார்ச்சில் அனுபவித்த சிறையே போதும் என்று மட்டும் தண்டனையைக் குறைத்தார்கள். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு அக்காவிடம் ஒரே கேள்விதான். பேச வரும்போது அதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லட்டும். அந்தப் பெண்ணைப் புதைத்தது ஏழு மணிக்கா, நள்ளிரவிலா? ஏழு மணி என்றால் உங்கள் சாட்சி பேட்டியில் பொய் சொல்கிறான். நள்ளிரவு என்றால் அவன் ஜூரியிடம் பொய் சொல்லியிருக்கிறான். எது என்று சொல்லுங்கள் அக்கா, காத்திருக்கிறேன்.

வணக்கம்.