ஃபைல் யார் பெயரில் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். கூகுள் டிரைவா, டிராப்பாக்ஸா, ஒன்டிரைவா, நெட்டில் எதில் ஃபைல்களைப் போட்டு வைக்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை ஜிபி இலவசம் என்பதைத்தான். அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கூகுளில் 15, ஒன்டிரைவிலும் ஆப்பிளின் ஐகிளவுடிலும் 5, டிராப்பாக்ஸில் 2.

சரி, 15தானே பெரிது என்று போனால், அதை ஜிமெயில், ஃபோட்டோஸ், டிரைவ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளும். 2021 ஜூனிலிருந்து ஃபோட்டோஸில் ஏற்றிய படங்களும் அந்த 15-இல்தான் சேரும். ஆண்ட்ராய்டு போன் என்றால் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதிலேயே சேர்கிறது, ஆகக் குடும்பக் குரூப்பில் விடிந்ததும் வரும் காலை வணக்கப் படங்களுக்கும் இடம் கொடுப்பது நீங்கள்தான். எல்லாம் நிரம்பிவிட்டால் புது மெயில் வராது. இன்டர்வியூ மெயிலுக்குக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்றால் லேப்டாப்பிலும் நெட்டிலும் ஒரே மாதிரி வைத்திருப்பது, பேக்கப் என்றால் தனியாக ஒரு நகல். லேப்டாப்பில் சிங்க் ஆகிற ஃபோல்டரில் ஒன்றை அழித்தால் நெட்டில் இருப்பதும் அழியும்; டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். கல்யாணப் படங்கள், பத்திர ஸ்கேன் இதெல்லாம் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கிலும் இருக்கட்டும்.

நாலைந்து பேர் சேர்ந்து வேலை செய்கிற இடத்துக்கு ஜிபி எல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனியர் தன் சொந்த ஜிமெயில் கணக்கின் டிரைவில் ஒரு எக்செல் ஷீட் போட்டு எல்லோருக்கும் ஷேர் செய்கிறார், மூன்று வருடம் அதில்தான் வேலை நடக்கிறது, ஆனால் அந்த ஷீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான், அலுவலகம் இல்லை. அவர் வேலையை விட்டுப் போய் அந்தக் கணக்கையே மூடிவிட்டால் ஷீட்டும் போச்சு. நிறுவனங்களுக்கென்று கூகுள் தரும் கட்டணச் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஷேர்டு டிரைவ் என்று ஒன்று இருக்கிறது, அதில் போடுகிற ஃபைல் நிறுவனத்தின் பெயரில் நிற்கும், ஆள் மாறினாலும் அசையாது. நீங்கள் வாங்கப்போகும் பிளானில் அது உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். என்னைக் கேட்டால், இந்த ஒன்றுக்காகவே மாதச் சந்தா கொடுக்கலாம்.

பெரிய டிசைன் ஃபைல்களில் தினமும் கை வைப்பவர்களுக்கு மட்டும் டிராப்பாக்ஸைச் சொல்வேன், மாறிய பகுதியை மட்டுமே ஏற்றுவதால் நேரம் மிச்சம்.

எதை எடுத்தாலும் முதல் மாதமே மொத்தத்தையும் வெளியே இறக்கிப் பாருங்கள். கூகுளில் அதற்கு டேக்அவுட் இருக்கிறது, எத்தனை ஜிபி துண்டாக வேண்டும் என்று கேட்கும். வீட்டு நெட் அடிக்கடி அறுந்தால் 2 ஜிபி போதும்.

வணக்கம்.