பழ ஈயின் ஆயுளைக் கூட்டிய ஈஸ்ட் நொதி

நேயர்களுக்கு வணக்கம்.

தேக்கா ஈரச்சந்தையில் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்குமே எள்ளளவுச் சிறு ஈ, அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். 25 டிகிரி வெப்பத்தில் வளர்த்தால் முட்டையிலிருந்து பத்தே நாளில் முழு ஈயாகிவிடும். அதன்பின் இரண்டு மூன்று மாதம் வாழும். முதுமையை ஆராய்பவர்களுக்கு இதைவிட வசதியான உயிர் கிடைப்பது அரிது.

ஆயுளை அளக்கும் வேலைக்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட் கலந்து காய்ச்சிய உணவு குழாயின் அடியில் இருக்கும், வாயில் பஞ்சடைப்பு. சில நாளுக்கு ஒருமுறை ஈக்களைப் புதுக் குழாய்க்குத் தட்டி மாற்றி, பழைய குழாயில் செத்துக் கிடப்பவற்றை எண்ணிக் குறிக்க வேண்டும். கடைசி ஈ சாகும்வரை இதே வேலைதான்.

இப்படி எண்ணித்தான், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் ரகசியங்கள் சில வெளிவந்தன. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை அங்குள்ள நொதிகள், தீயணைக்கத் தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவதுபோல, ஒன்றுக்கொன்று கொடுத்துக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன. செல்லின் ஆற்றலில் பெரும்பகுதி இந்த ஓட்டத்தால்தான் கிடைக்கிறது.

இந்த நொதிகள் குறைந்தால் ஈ சீக்கிரம் செத்துவிடும் என்றுதானே நினைப்போம்? 2009-ல் இவற்றின் மரபணுக்கள் சிலவற்றை, முழுக்க நிறுத்தாமல், தணித்துப் பார்த்தார்கள். ஈக்கள் கூடுதல் காலம் வாழ்ந்தன! வளர்ந்த ஈயின் நரம்பு செல்களில் மட்டும் தணித்தாலே போதுமாக இருந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வுதான். வரிசையின் முதல் நொதி நாற்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த பெரும் தொகுதி. ஈஸ்டில் அந்த எலக்ட்ரான் வேலையை என்டிஐ1 என்ற ஒற்றைப் புரதமே செய்துவிடுகிறது. அதன் மரபணுவை ஈக்குள் வைத்தார்கள், ஆயுள் நீண்டது. காரணத்தை 2016-ல் வந்த ஆய்வு இன்னும் துலக்கியது. எலக்ட்ரான்கள் முதல் நொதிக்குள் எதிர்த்திசையில் பாய, அங்கே வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. நாம் நஞ்சென்று ஒதுக்கிய அவையே அந்த இடத்தில் நன்மை தரும் சமிக்ஞையாகின. அந்தப் பின்னோட்டத்தைத் தடுத்ததும் ஆயுள் நீட்சியும் போய்விட்டது.

அதற்காக அந்த மூலக்கூறுகள் எப்போதும் நல்லவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மைட்டோகாண்ட்ரியாவில் அவற்றை அடக்கும் எஸ்ஓடி2 நொதி அறவே இல்லாத ஈ, கூட்டிலிருந்து வெளிவந்த ஒரு நாளுக்குள் மடிந்துவிடுகிறது. எவ்வளவு, எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். ஆகவே, இந்த மூலக்கூறுகளை அடக்குவதாகச் சொல்லி 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்ட மாத்திரையைப் பார்த்ததும், இது ஆயுளைக் கூட்டும் என்று நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள்.

பாலிகிளினிக்கில் நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மினும் இதே முதல் நொதியைத் தணிக்கிறது. 2012-ல் ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது உடல் கொழுப்பு குறைந்தது, ஆயுள் கூடவில்லை. அளவு மிஞ்சியபோது தீங்கும் செய்தது. சர்க்கரைக்காக அதை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மாற்றாமல் தொடருங்கள். நோயில்லாதவர்கள் நீண்ட ஆயுளுக்காக அதைத் தேடிப் போக, அந்த ஈ ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.