முத்திரையில் உள்ள தேதி பிறந்த தேதி அல்ல

அனைவருக்கும் வணக்கம். பழைய தையல் மெஷினை வாங்கினால் பெரும்பாலும் கூடவே ஒரு பெட்டி வரும். திறந்தால் உள்ளே வளைந்தும் சுருண்டும் ஏதேதோ உலோகத் துண்டுகள். மெஷினில் மாட்டித் தைக்கும் துணைக் கருவிகள் அவை. பலரும் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, பெட்டியை அப்படியே பரணில் ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த மெஷினில் என்னவெல்லாம் தைத்தார்கள் என்பதை அந்தத் துண்டுகள்தான் சொல்லும்.

ஒரு கருவியைக் கையில் எடுத்ததும் அதில் பொறித்திருக்கும் எழுத்தைத் தேடாதீர்கள். அது என்ன வேலை செய்யும் என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் கவை போல ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கிறதா? அது ஊசியை இறுக்கும் திருகின் மேல் உட்காரும். ஊசி ஏறி இறங்க, அந்தக் கையும் ஏறி இறங்கும். கருவி இயங்குவதே அந்த ஆட்டத்தில்தான். கூடவே பல் வைத்த மெல்லிய தகடு இருந்தால் அது ஃபிரில் வைப்பது. தகடு துணியை முன்னே தள்ளித் தள்ளிச் சுருக்கும். பலவற்றில் 1, 6, 12 என்று எண்கள் இருக்கும். எத்தனை தையலுக்கு ஒரு மடிப்பு என்பது அந்தக் கணக்கு. அதே கவையோடு கனமான வயிறு இருந்தால் காஜா போடும் கருவியா என்று பாருங்கள். கவை இல்லாமல் கூம்பாகச் சுருண்ட தகடு மட்டும் என்றால், ஓரத்துக்குப் பட்டி கட்டுவது.

அடுத்தது தண்டு, அதாவது கருவியை மெஷினில் மாட்டும் பகுதி. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைக் கீழே இறக்கி, ஊசித்தட்டிலிருந்து அதன் திருகு வரை அளந்தால் சுமார் அரை அங்குலம் இருப்பது குட்டைத் தண்டு. ஒரு அங்குலம் இருப்பது உயரத் தண்டு. சாய்ந்த தண்டு கிடைத்தால் எனக்கு ரொம்பவே மகிழ்ச்சி. சிங்கர் நிறுவனம் சாய்ந்த ஊசியுள்ள 301 மெஷினைக் கொண்டுவந்தது 1952இல். அந்த மெஷினுக்கென்று செய்த கருவி அந்த வருடத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது.

சரி, இப்போது எழுத்துக்கு வருவோம். நானே ஆரம்பத்தில் இங்கேதான் தவறினேன். மடக்கினால் பெட்டி, விரித்தால் தட்டு என்று சிங்கரின் அழகான மரப்பெட்டி ஒன்று உண்டு. அதில் 1889 பிப்ரவரி 19 என்று இருப்பதைப் பார்த்து, உள்ளே இருந்த எல்லாவற்றுக்கும் அந்த வருடத்தையே எழுதி வைத்தேன். அது காப்புரிமை தந்த நாள்; செய்த நாள் அல்ல. அன்றைய அமெரிக்கக் காப்புரிமை 17 ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டும் அதே தேதியை அடித்துக்கொண்டே இருக்கலாம். ஆகவே முத்திரைத் தேதி ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே சொல்கிறது. அதோடு, பெட்டி ஒரு காலம், உள்ளே இருப்பவை வேறு காலம் என்பது சர்வ சாதாரணம். ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

தேதிக்குப் பதில் எண் இருந்தால்? 1927இல் அமெரிக்கச் சட்டம் காப்புரிமை எண்ணைக் குறிக்கச் சொன்னது. எண் மட்டும் இருப்பவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. பத்து லட்சமாவது எண் 1911இல் வந்தது, இருபது லட்சமாவது 1935இல், முப்பது லட்சமாவது 1961இல். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெயரிலும் கவனம் வேண்டும். கருவியில் சிமான்கோ என்று இருந்தால் அது சிங்கர் மேனுஃபாக்சரிங் கம்பெனியின் சுருக்கம். நிறுவனம் 1963இல் வெறும் சிங்கர் கம்பெனி ஆனது. கிரீஸ்ட் என்று இருந்தால் அது மெஷினின் பெயர் அல்ல. அமெரிக்காவின் நியூ ஹேவனில் இருந்த அந்தத் தொழிற்சாலை பல மெஷின் கம்பெனிகளுக்குக் கருவி செய்து கொடுத்தது.

நாட்டின் பெயர் சில சமயம் தேதியைவிட நன்றாகப் பேசும். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற முத்திரை 1947 முதல் 1952 வரைதான். மேற்கு ஜெர்மனி என்றால் 1949க்கு முன் இல்லை.

அப்புறம் ஒரு வேண்டுகோள். துருவைப் போக்க உப்புத்தாள் போடாதீர்கள். முதலில் அழிவது அந்த மெல்லிய எழுத்துதான். எண்ணெயில் ஊறவைத்து, துணியால் துடைத்தால் போதும். மேசையில் ஏழு கருவிகள் வைத்திருக்கிறேன், பக்கத்தில் பூதக்கண்ணாடியும் இருக்கிறது. வந்து எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், அங்கேயும் எழுத்து இருக்கலாம்.